ஷிமோதோமாய் வீட்டுக் குரல்

ஹச்சினோஹே
ஏப்ரல் 9

இசானாவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி எழுத வேண்டுமாம், உன் அம்மா சொல்கிறாள். இங்கே செர்ரி இன்னும் பூக்கவில்லை. கபுஷிமாவில் கடற்காகங்கள் வந்து இறங்கிவிட்டன, கோயில் படியெல்லாம் எச்சம். பருவம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

என் தொண்டையில் ஒரு கட்டி இருந்தது. பயப்படாதே, கெட்ட கட்டி இல்லை. இத்தனை வருஷம் மீன் சந்தையில் நின்று கத்தினால் தொண்டையில் காய்ப்பு காய்க்காமல் என்ன செய்யும்? வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வரை வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். பேச முடிந்திருந்தால் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்திருப்பேன்.

ஏலத்தில் என் இடத்தில் இப்போது அந்த ககுடா நிற்கிறான். கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் விலை கேட்க விரலைத் தூக்குவதற்குப் பதிலாகக் கையைக் காதுக்கு வைக்கிறார்கள். நான் கூவினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் பெட்டிமேல் ஏறி நின்று பார்த்தவள் நீ. என் குரல் போய் விழுந்த அடுத்த நொடி எல்லாருடைய விரலும் மேலே நிற்கும். யோசித்துத் தூக்குவதில்லை, கை தானாகப் போகும்.

இனி உன் விஷயம். பக்கத்து வீட்டு சவாகோவின் மகள் ஏதோ இணைய ரேடியோ கேட்கிறாளாம். அதில் ஹனாமோரி ருரு என்று ஒருத்தி வந்தாளாம், சர்க்கரைப் பாகு ஊற்றினாற்போல் குரலாம். "எங்கப்பா வடக்கே உணவுப் பொருள் விநியோகத்துல இருக்காங்க" என்றாளாம். சவாகோ வாசலில் நின்று, "ஏண்ணே, நீங்க எப்ப ஆபீசர் ஆனீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை, டாக்டர் உத்தரவு.

ஷிமோதோமாய் இசானா என்ற பெயருக்கு என்ன குறை, நீ ருரு ஆவதற்கு? இசானா என்றால் திமிங்கிலம். நீ பிறந்து அழுத அழுகைக்கு ஆஸ்பத்திரி ஜன்னல் அதிர்ந்தது, அதனால் வைத்தேன். மூன்று புத்தாண்டாக நீ வீட்டுக்கு வரவில்லை. உலர்ந்த கணவாய் அனுப்பியிருக்கிறேன். அது அம்மா அனுப்பச் சொன்னது.

அப்பா


டோக்கியோ
ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

கணவாய் வந்தது. அறை முழுக்க வீச்சம். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, "உள்ள ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். அவளுக்கும் சுட்டுக் கொடுத்தேன். இப்போது தினமும் தட்டுகிறாள்.

தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போதாவது கத்தாமல் இருங்கள். பேனா தாளைப் பல இடத்தில் கிழித்திருக்கிறது.

பெயரைக் கேட்டீர்கள். ஷிமோதோமாய் நம் ஊர்ப் பக்கத்துப் பெயர், அதன் சித்திர எழுத்துகளை இங்கே ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது, அதனால் நிறுவனம் மாற்றியது. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. சரி, நானும் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பில் பாட்டுப் போட்டி நடந்தது. "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், சத்தம் வர வேண்டாம்" என்றார் டீச்சர். பையன்கள் "மீன் ஏலம், மீன் ஏலம்" என்று வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். நான் அழுதேன். நீங்கள் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தக் குரல் எனக்குச் சோறு போடுது. பொம்பளப் பிள்ளைக்கு அதால என்ன லாபம்? அடக்கிக்க, நல்லா இருப்பே" என்றீர்கள். அடக்கிக்கொண்டேன் அப்பா. நீங்கள் சொன்னதை அவ்வளவு ஒழுங்காகச் செய்த பிள்ளை அந்த ஊரிலேயே நான்தான். இப்போது அடக்கியதற்கும் திட்டு விழுகிறது.

அந்தச் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி எடுக்க எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அதை வைத்து அனிமே கார்ட்டூனில் முயல்குட்டிக்குக் குரல் கொடுத்தேன். ஐஸ்கிரீம் கடைப் பெண்ணுக்குப் பேசினேன். கதாநாயகியின் தோழிக்குத் தோழியாகப் பேசினேன். பெரிய வேடம் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

'இருந்தேன்' என்று எழுதக் காரணம் இருக்கிறது. ஒலிப்பதிவு அறையில் மைக் கொஞ்சம்தான், நடிகர்கள் நிறைய. வசனம் வரும்போது முன்னால் போய்ப் பேசிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு உடனே விலக வேண்டும். மூத்தவர்கள் நடுவில் உட்காருவார்கள், என்னைப் போன்றவர்கள் கதவோரம். திரையில் கூட்டம் வந்தால் கதவோரத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இரைச்சல் போட வேண்டும். எழுதிய வசனம் கிடையாது, வாய்க்கு வந்ததைப் பேசலாம். யாருடைய குரலும் தனியாகக் கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

போன வாரம் திரையில் ஒரு மீன் சந்தை வந்தது. பலகைமேல் கானாங்கெளுத்தி பளபளவென்று கிடந்தது. காலையில்தான் உங்கள் கணவாயைத் தின்றுவிட்டு வந்திருந்தேன். நான் நினைக்கவே இல்லை அப்பா. "ஏஏய் பாத்துக்கோ, கண்ணு மின்னுது பாத்துக்கோ" என்று வயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. முன்னால் பேசிக்கொண்டிருந்த கதாநாயகன் வசனத்தை மறந்து நின்றான். பதிவு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இயக்குநர் உடாகா அம்மா, "யாரது, மீன் விக்கிறது?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். திட்டுவதற்குத்தான் இருக்கும். ஒரு முயல்குட்டியின் வாழ்க்கை முடிந்தது.

இசானா


ஹச்சினோஹே
ஏப்ரல் 23

இசானாவுக்கு,

இங்கே செர்ரி பூத்துவிட்டது.

கானாங்கெளுத்தி என்று எழுதியிருந்தாய். அப்படியானால் 'பாத்துக்கோ'வை மூன்று தடவை சொல்லியிருக்க வேண்டும். இரண்டோடு நிறுத்துவது கணவாய்க்கு. கதாநாயகன் வசனத்தை மறந்தான் என்றால் அது உன் தப்பில்லை. எங்கள் சந்தையில் சங்கு ஊதினாலும் எவனும் கணக்கை மறப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னதாக எழுதியிருந்தது எனக்கு நினைவில்லை. உன் அம்மாவைச் சைகையில் கேட்டேன். "சொன்னீங்க. அன்னைக்கு முள்ளங்கி ஊறுகாய்" என்கிறாள். ஊறுகாய் வரைக்கும் சொல்கிறவளிடம் வாயில்லாதவன் எப்படி வாதாடுவது? இந்த ஒரு மாதம் அவளுக்குத் திருவிழா.

ஒன்று எழுதுகிறேன். நான் அப்படிச் சொல்லியிருந்தால், அந்தக் குரல் மட்டமானது என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டேன். சந்தை ரப்பர் பூட்ஸோடு நான் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்களே, அது உனக்கு வர வேண்டாம் என்று நினைத்திருப்பேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா திட்டினால் தலையைக் குனியாதே. இரைச்சல் போடச் சொன்னது அவர்கள்.

அப்பா


டோக்கியோ
மே 18

அப்பா,

திட்டவில்லை. உட்காருங்கள், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் மகளுக்குக் கதாநாயகன் வேடம்.

பையன் வேடம்தான், அதைப் பெண்கள் பேசுவது இங்கே வழக்கம். 'புயல்வாய் டோகி' என்று தொடர், அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமை காலை வரப் போகிறது. டோகி ஒரு தீவில் பிறந்தவன். அவன் குலத்துக்கு வாயைத் திறந்தால் புயல். சின்ன வயதில் அவன் அழுத அழுகையில் ஒரு படகு கவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து மெல்லப் பேசுகிறான். குரலைப் பிடுங்கி எறியக் கூடிய வைத்தியன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத் தேடிக் கிளம்புகிறான். வழியில் நண்பர்கள் சேருகிறார்கள். அவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பதினோராவது பாகத்தில் நண்பர்களின் கப்பல் மூடுபனியில் சிக்குகிறது, பாறை எங்கே கரை எங்கே என்று தெரியவில்லை. டோகி கரையில் நிற்கிறான். துணியை அவிழ்க்க வேண்டும், முழுக்குரலில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் காற்றில் பனி கலைந்து, குரல் வந்த பக்கம் கரை என்று தெரிந்து, கப்பல் பிழைக்கும். ஆனால் அவன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

படித்துவிட்டு நான் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். எழுதியவர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்டாரோ என்று தோன்றியது.

உடாகா அம்மா என்னை மட்டும் நிற்க வைத்து, "அன்னைக்கு மீன் வித்தீங்களே, அந்த இடத்துல இருந்து பேசுங்க" என்றார். பேசினேன். வேடம் கிடைத்தது.

ஒரு சின்ன விஷயம். எங்கள் நிறுவனத்து மானேஜர் செபாட்டாவுக்குக் கொஞ்சம் கலக்கம். "ருருன்னா இனிப்பு. பாட்டு ஆல்பம் வேற வரப் போகுது. ஒரு தடவை அப்படிக் கத்திட்டா அந்தப் பேரு போயிடும்மா" என்கிறார். அதனால் துணிக்குள் பேசுகிற டோகி முழுக்க நான். அந்த ஒரு கூப்பாட்டை மட்டும் கொமுரோ ஐயா பேசுவார். பெரிய நடிகர், இடி மாதிரி குரல். படம் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நியாயம்தானே? மற்றதெல்லாம் நான்தானே?

வாய் திறக்க அனுமதி கிடைத்ததா? குரல் எப்படி இருக்கிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை.

இசானா


ஹச்சினோஹே
ஜூன் 2

இசானா,

இந்தத் தடவை பருவம் கிடையாது.

கதாநாயகன் வேடம் என்று படித்ததும் உன் அம்மா தெருவுக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். சவாகோவிடம் நானே சொன்னேன். விநியோக அதிகாரியின் மகள் கதாநாயகன் ஆகிவிட்டாள் என்று. அவ்வளவு சந்தோஷத்தோடு திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன்.

மீனைப் பிடித்தவன் ஒருத்தன், கூவுகிறவன் இன்னொருத்தனா? சந்தையில் அப்படித்தானே நடக்கிறது என்கிறாள் உன் அம்மா. அவள் சொல்வது சரிதான், உதாரணம் தப்பாகப் போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது உனக்குப் புரியும். பதினொரு வாரம் துணிக்குள் முணுமுணுக்க நீ வேண்டும், துணியை அவிழ்த்த பிறகு வேறு ஆளா? அப்படியானால் அந்தப் பையன் துணியை அவிழ்க்கவே இல்லை.

என் குரலைக் கேட்டாய். எழுதுகிறேன்.

போன மாதம் பேசலாம் என்றார்கள். பேசினேன். நனைந்த மரக்கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. போகப் போகச் சரியாகும் என்று காத்திருந்தேன். டாக்டர் இதுதான் இனிமேல் என்கிறார். முந்தாநாள் சந்தைக்குப் போனேன். ககுடா ஒதுங்கி, "அண்ணே, உங்க இடம்" என்றான். நின்றேன். கூவினேன். ஒரு விரலும் எழவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, யாருக்கும் கேட்கவில்லை. மீன் வாங்க வருகிற கிழவன் ஒகுடேராவைத் தெரியுமே, நான் பல்லில் ஒரு துணுக்கோடு போனாலும் ஊருக்குச் சொல்லிச் சிரிக்கிறவன். அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ககுடாவின் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் குரல். வேறு எதுவும் அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது இப்போது என்னிடம் இல்லை. அது இருக்கிற இடம் உன் தொண்டை ஒன்றுதான். அதை அடக்கச் சொன்னவனே சொல்கிறேன், அந்த இடத்தில் வேறு ஒருத்தனை நிற்க விடாதே. நிற்க விட்டால் நான் கோபப்பட மாட்டேன். எனக்கு வலிக்கும், அவ்வளவுதான்.

அப்பா


டோக்கியோ
செப்டம்பர் 14

அப்பா,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. பல தடவை தொடங்கினேன். செய்துவிட்டு எழுதுவோம் என்று வைத்துவிட்டேன். இன்று எழுத விஷயம் இருக்கிறது.

நேற்று பதினோராவது பாகம். கொமுரோ ஐயா வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் வசனத் தாள். கதாநாயகனாக இருந்தாலும் நான் பழக்கத்தில் கதவோரமே உட்கார்ந்தேன். செபாட்டா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் போய் டோகிக்குப் பேசினேன். மூடுபனி வந்தது, கப்பல் வந்தது. துணிக்குள்ளிருந்து என் கடைசி வசனம், "நான் யாருன்னு தெரிஞ்சா நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்க." பேசி முடித்தேன். இப்போது நான் விலக வேண்டும். கொமுரோ ஐயா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. திரையில் டோகியின் கை முடிச்சுக்குப் போனது.

நான் விலகவில்லை அப்பா.

இங்கே அப்படி யாரும் செய்வதில்லை. மூத்தவர் வந்து நின்றால் வசனம் பாதியில் இருந்தாலும் நகர்ந்துவிடுவோம். என் கால் நகரவில்லை. முடிச்சு அவிழ்ந்தது, துணி காற்றில் போனது, நான் வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வந்தது உங்கள் கூவல். சொல் டோகியின் பெயர்தான், ஆனால் அந்த இழுப்பு, அந்த ஏற்றம், கடைசியில் வெட்டி நிறுத்துவது எல்லாம் ஏலப் பலகைமேல் நிற்கிற நீங்கள். 'டோகி'யை மூன்று தடவை சொன்னேன். தாளில் ஒரு தடவைதான் இருந்தது. கானாங்கெளுத்திக்கு மூன்று என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

விளக்கு அணைந்தது. நான் திரும்பி இடுப்பு ஒடிய வணங்கினேன். கொமுரோ ஐயா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார், "என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க? சும்மா டீ குடிக்கவா?" அதற்குப் பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். உடாகா அம்மா, "இன்னொரு தடவை எடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் செபாட்டா தலையில் கையை வைத்துக்கொண்டு, "ருரு போயிட்டாம்மா" என்றார். "ஆமா, போயிட்டா. படத்துல ஷிமோதோமாய் இசானான்னு போடுங்க" என்றேன். "அந்த எழுத்தை எவனும் படிக்க மாட்டானே" என்றார். "படிக்கக் கத்துக்குவாங்க" என்றேன். இதைச் சொல்லும்போது என் சொந்தக் குரலில்தான் சொல்லியிருக்கிறேன் போல, அவர் ஒரு அடி பின்னால் போனார்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது அப்பா. யாராவது நம்மைப் புகழும்போது வருகிற பெருமை அல்ல, இது வேறு. சின்ன வயதில் பெட்டிமேல் ஏறி நின்று, அங்கே கூவுவது என் அப்பா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேனே, அந்தப் பெருமை. எத்தனையோ வருஷம் கழித்து அது என்னைப் பற்றியே எனக்கு வந்திருக்கிறது.

நீங்கள் சந்தைக்குத் திரும்பப் போனீர்களா? அம்மா போனில் மழுப்புகிறாள். உண்மையை எழுதுங்கள்.

இசானா


ஹச்சினோஹே
டிசம்பர் 21

இசானாவுக்கு,

நேற்று முதல் பெரிய பனி. துறைமுகத்தில் கயிறெல்லாம் வெள்ளை. பார், பருவத்தை நானாகவே எழுதக் கற்றுக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. நானும் செய்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். சந்தைக்குத் திரும்பிவிட்டேன். பெரிய ஏலம் ககுடாவுக்கு, அவனும் தேறி வருகிறான். ஓரத்தில் சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற பெட்டிகள் இருக்கிறதே, அதை நான் ஏலம் போடுகிறேன். என் கதவுச் சத்தம் நாலு அடிக்கு மேல் போகாது, அதனால் எல்லாரும் என்னைச் சுற்றி நெருங்கி நிற்கிறார்கள். முதல் நாள் கூசியது. ஒகுடேரா என் காதுக்குள் வந்து, "கேக்குதுடா, நீ சொல்லு" என்றான். சொன்னேன். இதுதான் இப்போது என் குரல். ஊர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

அக்டோபரில் முதல் பாகம் முடிந்து பெயர்கள் ஓடியபோது நம் பெயர் முதலில் வந்தது. இங்கே அதை எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும். சவாகோ அதைப் படம் பிடித்துத் தன் வாசலில் ஒட்டியிருக்கிறாள், நம் வாசலில் இல்லை. கேட்டால், "மொதல்ல கேட்டது என் மகதானே" என்கிறாள்.

இன்று காலை பதினோராவது பாகம். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது, ஆனாலும் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் நிற்க இடமில்லை. ககுடா எங்கிருந்தோ பெரிய டிவியைத் தூக்கிவந்து வைத்தான். வாங்குகிற ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், வேலை நாள் மாதிரி தொப்பியோடு. அனிமே பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை அவர்கள். டோகி துணிக்குள் பேசும்போது, "என்னப்பா இது, எலி மாதிரி பேசுறான்" என்று ஒருத்தன் சொன்னான். உன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

மூடுபனி வந்தது. கப்பல் வந்தது. பையன் முடிச்சில் கை வைத்தான். நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

இசானா, நீ கூவினாய்.

அடுப்பின் மேல் தட்டு அதிர்ந்தது. நான் கேட்டது என்னை. என் அப்பாவையும் கேட்டேன். அதற்கு மேல் நாங்கள் ரெண்டு பேரும் எட்டாத ஓர் இடத்துக்கு நீ அதைக் கொண்டுபோனாய், அது உன்னுடையது. நான் அழுதேன். அதை எழுத வெட்கமாக இல்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒகுடேராவின் விரல் மேலே நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு வியாபாரி மிகாமியின் விரல். அவன் பின்னால் இன்னொன்று. கடை முழுக்க, தொப்பி போட்ட ஒவ்வொருத்தன் நெஞ்சுக்கு முன்னாலும் விரல்கள். யாரும் யோசித்துத் தூக்கவில்லை, குரல் விழுந்தது, கை போனது. தூக்கியவர்களே தங்கள் கையைப் பார்த்து விழித்தார்கள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கு இப்போது இருக்கிற இந்தக் கதவுக் குரலில், என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன்.

"கையை இறக்குங்கடா. அது விலைக்கு இல்ல."

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

புத்தாண்டுக்கு வா. ஸ்டேஷனில் நிற்கிறேன்.

அப்பா